வெளிநாடு புறப்படும் குடும்பங்களுக்கு: முதலில் நாயின் தேதியைக் குறியுங்கள்



பெர்லின், மியூனிக், ஆம்ஸ்டர்டாம், லண்டன், டல்லஸ், மெல்போர்ன் என்று வேலைக்காக ஊர்விட்டுப் போகப்போகிற, வீட்டில் ஒரு நாயோ பூனையோ வளர்க்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சென்னையில் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் நான். உங்களில் பலர் என்னிடம் வரும்போது வேலைக்கான கடிதம் வந்திருக்கும். விசா முத்திரை விழுந்திருக்கும். வீட்டைக் காலி செய்யும் தேதியை ஓனரிடம் சொல்லியாகியிருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் டி.சி.கூட வாங்கியிருப்பீர்கள். "டாக்டர், அடுத்த மாசம் கிளம்புறோம். இவனுக்கு ஒரு ஊசி போட்டு சர்டிஃபிகேட் குடுத்துடுங்க" என்பீர்கள். பக்கத்தில் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி உங்கள் மகளோ மகனோ நிற்கும்போது, அது நடக்காது என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. நாய்க்கு வேண்டியது நான்கு மாதத்துக்கும் மேல். உங்களிடம் மீதி இருப்பது நான்கு வாரம்.

அந்த நான்கு மாதம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்த நாட்டுக்குப் போனாலும் அடிப்படை விதி ஒன்றுதான். முதலில் மைக்ரோசிப். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும், அரிசி மணி அளவே உள்ள பொருள் அது. ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண்ணோடு இருக்க வேண்டும். அதன் பிறகு, அல்லது அதே நாளில், ரேபிஸ் தடுப்பூசி. அப்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரம் வயதாகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பின் இரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, ஒன்றியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். டைட்டர் டெஸ்ட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். முடிவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகோ அதற்கு மேலோ வந்தால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றாலும் உடனே கிளம்ப முடியாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் போக வேண்டும். பூனைக்கும் இதே கணக்குதான்.

இதில் வரிசை முக்கியம். உங்கள் நாய்க்குப் பிறந்ததிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டிருக்கலாம். ஆனால் சிப் நேற்றுதான் போட்டது என்றால், அதற்கு முன் போட்ட ஊசிகள் எதுவும் கணக்கில் வராது. ஊசி போட்டுக்கொண்டது இந்த நாய்தான் என்பதற்கு அவர்கள் ஏற்கும் ஒரே அடையாளம் அந்த எண். நம் ஊரில் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். சிப் போட்ட நாய்கள் நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தன. நல்ல பொறுப்போடு வளர்க்கும் குடும்பங்கள்கூட மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். குட்டி வாங்கிய மாதமே சிப் போட்டுவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுவே. செலவு பெரிதல்ல, வலியும் ஒரு நொடிதான்.

இன்னொரு சிக்கல், தவணை. டைட்டர் முடிவு வந்து, மூன்று மாதம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் போன வருட ஊசியின் ஓராண்டுக் காலம் முடிந்துபோகும். யாரும் கவனிப்பதில்லை. காலாவதியான பிறகு ஒரு நாள் தாமதித்து அடுத்த ஊசி போட்டாலும், அதை முதல் ஊசியாகத்தான் கொள்வார்கள். பழைய டைட்டரும் செல்லாது. மறுபடி 30 நாள், மறுபடி இரத்தம், மறுபடி மூன்று மாதம். தவணை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டே வந்தால், ஒருமுறை பெற்ற தேர்ச்சி ஐரோப்பிய ஒன்றியத்தைப் பொறுத்தவரை நாயின் ஆயுள் முழுவதும் செல்லும். எப்போதாவது போகக்கூடும் என்ற எண்ணம் இருந்தாலே இந்தப் பரிசோதனையை முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது இதனால்தான்.

குட்டிகளின் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிக்கு எதிர்ப்பாற்றல் போதிய அளவு ஏறாமல் 0.5-ஐத் தொடாமல் போவதுண்டு. அதனால் சில வார இடைவெளியில் இரண்டாவது ஊசியும் போட்டு, அதன் பிறகு இரத்தம் எடுப்பதையே நான் விரும்புகிறேன். பரிசோதனையில் தவறி இரண்டு மாதம் இழப்பதைவிட, முன்னாலேயே ஒரு மாதம் கூடுதலாக ஒதுக்குவது மேல்.

"ஏன் டாக்டர் நம்ம நாயை மட்டும் இப்படிச் சந்தேகப்படுறாங்க?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரேபிஸ் சாதாரண நோயல்ல. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் அதனால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ஏழைகள், அவர்களில் குழந்தைகள் அதிகம். அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிறுவனம் அமைக்கப்பட்டதும் இந்த நோயை எதிர்கொள்ளத்தான். கிருமி உடலுக்குள் போன பிறகு நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஊசி போடுவதற்கு முன்பே கடிபட்டிருந்த நாய், இந்தக் காத்திருப்புக் காலத்தில் தெரிந்துவிடும். அதற்குத்தான் அந்த 3 மாதம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனுக்குள் போன நாய்கள் ஆறு மாதம் கூண்டில் அடைபட்டுக் கிடந்தன. இரத்தப் பரிசோதனையை ஏற்கும் முறை அங்கே 2000-ல்தான் வந்தது. அந்த ஆறு மாதத்தோடு ஒப்பிட்டால், நம் வீட்டிலேயே, நம் கட்டிலுக்கடியிலேயே கழியும் மூன்று மாதம் எவ்வளவோ நல்லது.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு சிப், ஊசி, டைட்டர், மூன்று மாதம் என்ற அதே கணக்கோடு இரண்டு விஷயங்கள் கூடுதல். விமானத்தில் பயணிகளோடு கேபினில் நாயைக் கொண்டுபோக முடியாது, கார்கோவாகத்தான் இறங்க வேண்டும். உதவி நாய்களுக்கு மட்டுமே விலக்கு. மேலும், அங்கே நுழைவதற்கு முந்தைய 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தை ஒரு மருத்துவர் கொடுத்து, நேரத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும்.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் தன் விதிகளை மாற்றிவிட்டது. முன்பு போய்வந்த உறவினர் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது, சிப், அவர்கள் கேட்கும் படிவங்கள், அவர்கள் ஏற்ற ஆய்வகத்தின் டைட்டர் முடிவு எல்லாம் வேண்டும். இறங்கும் விமான நிலையமும் உங்கள் விருப்பம் அல்ல. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யிடம் பதிவு பெற்ற விலங்குக் காப்பகம் உள்ள நிலையங்களில் மட்டுமே இறங்கலாம், அந்தக் காப்பகத்திலும் முன்பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே பரிசோதித்து மறுபடி ஊசி போடுவார்கள். டைட்டர் முடிவு இல்லையென்றால் 28 நாள் தனிமை.

ஆஸ்திரேலியா போகிறவர்களிடம்தான் எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கும். இந்தியாவிலிருந்து நேரே ஒரு நாயை அங்கே கொண்டுபோக வழியே இல்லை. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்து, அங்கிருந்து அனுப்பி, மெல்போர்னுக்கு அருகே மிக்கல்ஹாமில் உள்ள அரசுத் தனிமைக் கூடத்தில் விட்டு, அதன் பிறகே வீட்டுக்கு அழைத்துப்போகலாம். 2015-ல் நடிகர் ஜானி டெப் தம்பதி தங்கள் இரண்டு சிறு நாய்களை அறிவிக்காமல் தனி விமானத்தில் கொண்டுபோனபோது, உடனே நாட்டைவிட்டு அனுப்பாவிட்டால் அவற்றைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருக்கும் என்று அந்நாட்டு அமைச்சரே எச்சரித்தார். அவ்வளவு கடுமை. சிங்கப்பூர் போகிறவர்கள் நாயின் விதியோடு வீட்டின் விதியையும் பாருங்கள். அந்நாட்டு அரசு வீட்டுவசதி வாரியமான எச்.டி.பி.யின் அடுக்ககத்தில் பொதுவாக, அனுமதிக்கப்பட்ட இனங்களில் ஒரு சிறிய நாய் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். லாப்ரடாருக்கு அங்கே இடமில்லை. எந்த நாடானாலும் அந்த அரசின் இணையதளத்தில் உள்ள விதியை நீங்களே படியுங்கள். ஏஜென்ட் சொல்வதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: அவற்றை இங்கே வீட்டில் வைத்திருப்பதே 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

விதிகளைவிடப் பெரிய கேள்வி, உங்கள் நாய் இந்தப் பயணத்தைத் தாங்குமா என்பது. பக் இன நாய்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2003-ல் வந்த, பக் நாய் தோன்றிய ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு நம் ஊர்களில் பெருகிய இனம் அது. நாய்க்கு நம்மைப் போல உடலெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக், ஷிட்சூ போன்ற குட்டைமூக்கு இனங்களுக்கு மூக்குத் துவாரம் குறுகல், மேலண்ணத்தின் தசை நீளம். சும்மா படுத்திருக்கும்போதே குறட்டை விடும் நாய், சூட்டிலும் பயத்திலும் வேகமாக இரைக்கத் தொடங்கினால் காற்று உள்ளே போகாது. 2005 மே முதல் 2010 மே வரை அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானங்களில் இறந்த 122 நாய்களில் ஏறத்தாழ பாதி குட்டைமூக்கு இனங்கள் என்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட கணக்கு. பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களை விமானத்தின் அடித்தளத்தில் ஏற்றுவதே இல்லை. ஏற்றுவோம் என்று சொல்லும் நிறுவனம் கிடைத்தாலும், உங்கள் பக் நான்கு மாடி ஏறினால் நாக்கு நீலம்பாயுமானால், அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். கேபினில் கொண்டுபோகலாமே என்பீர்கள். பொதுவாக நாயும் பையும் சேர்ந்து எட்டு கிலோவுக்குள் இருந்தால்தான் கேபினில் விடுவார்கள். நம் வீட்டு பக் பெரும்பாலும் அந்த எடையைத் தாண்டியிருக்கும்.

நாட்டு நாய் வளர்க்கிறவர்கள் மட்டும் ஏனோ தயங்கித் தயங்கிக் கேட்கிறீர்கள். "இதைப் போய் ஏத்துக்குவாங்களா?" என்று. தாராளமாக ஏற்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் இனம் என்ற இடத்தில் 'நான் டிஸ்கிரிப்ட்' என்று எழுதுவதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. நீண்ட மூக்கு, அளவான எடை, திடமான உடல் என்று பயணத்துக்கு நான் பார்த்த நாய்களில் இவையே நன்றாகத் தாங்குகின்றன. குளிருக்கு ஒரு கோட்டு வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டு இன நாய் வளர்ப்பவர்கள் போகிற நாட்டின் தடைப்பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜெர்மனி பிட்புல், ஸ்டாஃபோர்ட்ஷயர் வகைகளையும் புல் டெரியரையும் அவற்றின் கலப்பையும் உள்ளே விடுவதில்லை.

பயணப் பெட்டியைப் பற்றி உங்களிடம் எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. கிளம்பும் வாரத்தில் வாங்கி, விமான நிலையத்தில் முதன்முறையாக நாயை உள்ளே தள்ளிப் பூட்டுகிறீர்கள். நாய்க்கு அது தண்டனை. பெட்டியை இரண்டு மாதம் முன்பே வாங்கி ஹாலில் வையுங்கள். கதவைக் கழற்றிவிடுங்கள். உங்கள் பழைய லுங்கியையோ நைட்டியையோ துவைக்காமல் உள்ளே விரியுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் பெட்டிக்கு வெளியே, பிறகு வாசலில், பிறகு உள்ளே என்று நகர்த்துங்கள். அதுவாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டி, சில நொடி மூடி, திறந்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். இரவு முழுவதும் உள்ளே தூங்கப் பழகியதும், பெட்டியோடு காரில் ஏற்றி மகாபலிபுரம் வரை போய்வாருங்கள். சத்தமும் குலுக்கலும் இருட்டும் பழகட்டும்.

அளவு எடுக்க வழி இது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு பெட்டியின் அகலம். நிற்கும்போது தலையோ காது நுனியோ, எது உயரமோ அதுவரை அளந்து, விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் உயரம். குட்டைமூக்கு நாய்க்கு இதைவிடப் பெரிதாக வேண்டும். நாய் தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, இயல்பாகப் படுக்க வேண்டும் என்பதே விமான நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஐயாட்டாவின் விதி. நான்கு பக்கமும் காற்றோட்டம், கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணம், சக்கரம் இல்லாத அடிப்பாகம் இவையும் வேண்டும். தண்ணீரைக் கிண்ணத்தோடு உறையவைத்துக் கொண்டுபோனால் ஏற்றும்போது சிந்தாது, வழியில் மெல்ல உருகும்.

தூக்க மருந்து கேட்காதீர்கள். உங்கள் அன்பினால் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் தர மாட்டேன். அந்த மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் கெடுக்கும், பெட்டி சாயும்போது கால் ஊன்ற முடியாமல் செய்யும். இங்கே என் மேசையில் ஏதாவது ஆனால் நான் இருக்கிறேன். வானத்தில் அதைப் பார்க்க ஒருவரும் இல்லை. நாய்களை ஏற்றும் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் பகுதியைப் போலவே பராமரிக்கப்படுகின்றன. விழித்திருக்கும் நாய் அங்கே பயப்படும், பிறகு தூங்கும். ஆபத்து அதிகம் தரையில்தான், ஏற்றுவதற்கு முன் தளத்தில் காத்திருக்கும் நேரத்தில். கத்திரி வெயில் மாதத்தைத் தவிருங்கள். நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். வழியில் மாற வேண்டுமென்றால் விலங்குகளுக்கென்று தனி இடம் உள்ள நிலையமாகப் பாருங்கள். பிராங்க்ஃபர்ட்டில் 2008 முதல் அப்படி ஒரு கூடம் இருக்கிறது.

கடைசிப் பத்து நாள் காகிதங்களுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுகாதாரச் சான்றிதழ் அரசு மருத்துவ அதிகாரி கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். கையெழுத்தான பத்து நாளுக்குள் நாய் அங்கே நுழைந்திருக்க வேண்டும். என்னைப் போன்ற தனியார் மருத்துவரின் சீட்டு மட்டும் போதாது. சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம்தான் இடம். அங்கே சிப் எண்ணை நீங்களே ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். தடுப்பூசி அட்டையிலும் டைட்டர் முடிவிலும் சான்றிதழிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினால், ஆவணப்படி அது வேறு நாய். திருப்பி அனுப்பவோ, உங்கள் செலவில் தனிமையில் வைக்கவோ அங்குள்ள அதிகாரிக்கு உரிமை உண்டு. வேறு வழியில்லாத நிலையில் கொல்லவும் சட்டம் இடம் தருகிறது. நீங்களும் நாயும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அதைத் தாண்டினால் வணிகச் சரக்குக்கான விதிகள் வந்துவிடும்.

கொண்டுபோக முடியாதவர்களிடமும் பேச வேண்டும். செலவு லட்சங்களில் போகிறது என்பதால் முடியாமல் போகலாம். நாய்க்குப் பதின்மூன்று வயதாகி, பின்னங்கால் தள்ளாடி, இதயமும் பலவீனமாக இருக்கலாம். அப்படிப்பட்ட நாயை விட்டுப்போவது துரோகம் அல்ல. அதற்குப் பழகிய வாசலும் பழகிய மனிதர்களும் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். ஆனால் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. அந்தத் தெருவின் நாய்களும் அதை விடாது.

"அம்மா அப்பாகிட்ட விட்டுட்டுப் போறோம்" என்பவர்களே, அவர்களை ஒருமுறை நேராகப் பாருங்கள். முப்பது கிலோ லாப்ரடார் ஒரு பூனையைக் கண்டு இழுத்தால், எழுபது வயதுக்காரர் விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் அவருக்கும் கஷ்டம், நாய்க்கும் கஷ்டம். அப்படியென்றால் காலையும் மாலையும் நடத்திச் செல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள், மாதச் சம்பளத்தை நீங்கள் அனுப்புங்கள். வேறு குடும்பத்திடம் கொடுப்பதானால், கிளம்புவதற்கு முன்பே சில வாரம் அங்கே விட்டு, நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒத்துவருகிறதா என்று பாருங்கள். என்ன சாப்பிடும், உண்ணிக்கு என்ன மருந்து, அடுத்த ஊசி எப்போது, தீபாவளி வெடிக்கு எந்தக் கட்டிலுக்கடியில் போய் ஒளியும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள்.

சிப் பதிவில் உள்ள தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டுப் போங்கள். தொலைந்த நாயை யாராவது கண்டெடுத்து எங்களிடம் கொண்டுவந்தால், ஸ்கேனரில் வரும் எண்ணை வைத்து அந்தப் பதிவில் உள்ள நம்பரைத்தான் கூப்பிடுவோம். எடுக்கிறவர் மியூனிக்கில் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் ஆட்டோ பிடித்து வரக்கூடியவராக இருக்க வேண்டும்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்